கருவிக்கும் வேண்டும் செக்குபந்தி

(தென்காசியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இன்று எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்கு மிகச் சிறியது. ஏ.ஐ. ஏஜென்ட் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நமக்குப் பதிலாகப் பிரவுசரைத் திறந்து, பக்கத்துக்குப் பக்கம் போய், படிவத்தை நிரப்பி, பொத்தானை அழுத்தி வேலை முடிக்கும் மென்பொருள் அது. அதன் கையில் சில கருவிகளைக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு கருவிக்கும் நாலைந்து வரியில் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறார்கள். அந்த நாலைந்து வரியைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. புரோகிராம் எழுதுபவர் கடைசி நேரத்தில், சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் தட்டிவிட்டுப் போகும் வரிகள் அவை. அந்த வரிகள்தான் கருவியின் பாதி என்பது என் வாதம். கருவி என்ன செய்யும் என்று சொல்வது அவற்றின் சின்ன வேலை. எங்கே நின்றுவிடும் என்று சொல்வதுதான் பெரிய வேலை. எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் பெரும்பாலும் புரோகிராம் எழுதும் நாற்காலியில் இல்லை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் ஏற்பாடு எப்படி என்று பார்த்துவிடுவோம். ஏஜென்டின் உள்ளே இருப்பது ஒரு மொழி மாதிரி, அதாவது லாங்குவேஜ் மாடல். நீங்கள் எழுதிய புரோகிராமை அது பார்ப்பதில்லை. உள்ளே எத்தனை ஆயிரம் வரி இருந்தாலும் அதன் கண்ணில் படுவது மூன்றுதான்: கருவியின் பெயர், அதன் குறிப்பு, என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற பட்டியல். அந்த மூன்றையும் படித்துவிட்டு, பயனர் கேட்ட வேலைக்கு எந்தக் கருவியை எடுப்பது, அதில் எதை நிரப்புவது என்று முடிவு செய்கிறது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்.சி.பி., என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதற்குப் பிறகு யார் செய்த கருவியையும் யாருடைய ஏஜென்டும் எடுத்து ஆளலாம் என்றாகிவிட்டது. கருவி செய்தவரும் ஏஜென்ட் செய்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். இடையில் பேசுவது அந்தக் குறிப்பு ஒன்றுதான். இது அமெரிக்கக் கதை என்று ஒதுக்க நமக்கு வழியில்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. 2011-இல் தென்காசிப் பக்கம் சிறு அலுவலகமாக வந்த அந்த நிறுவனம், 2025 ஜூலையில் சியா என்ற தன் சொந்த மொழி மாதிரியை அறிவித்தபோது, ஏஜென்ட் உருவாக்கும் வசதியையும் எம்.சி.பி. சர்வரையும் சேர்த்தே அறிவித்தது. ஆக, கருவிக் குறிப்பு எழுதுவது நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பார்க்கும் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

ஒரு நல்ல எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். மைக்ரோசாஃப்ட் 2025-இல் வெளியிட்ட பிளேரைட் எம்.சி.பி., பிரவுசரை இயக்குவதற்கென்றே செய்த கருவித் தொகுப்பு. அதில் பக்கத்தைப் பார்க்க இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று பக்கத்தைப் புகைப்படமாக எடுக்கும். மற்றொன்று பக்கத்திலுள்ள தலைப்பு, பொத்தான், கட்டம் எல்லாவற்றையும் எழுத்து வடிவில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளக் குறி போட்டுத் தரும். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் பக்கத்தை எப்படிக் காண்கிறதோ அதே பார்வை. புகைப்படக் கருவியின் குறிப்பு, படம் எடுக்கும் என்று சொன்னதோடு நிற்கவில்லை. இந்தப் படத்தை வைத்துக்கொண்டு எந்தச் செயலையும் செய்ய முடியாது, செயலுக்கு மற்றக் கருவியை எடு என்று திருப்பி அனுப்புகிறது. எழுதியவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது: படம் என்றதும் மாதிரி ஓடிப்போய் அதைத்தான் எடுக்கும், எடுத்துவிட்டு எங்கே அழுத்துவது என்று தெரியாமல் திண்டாடும். அழுத்தும் கருவியைப் பாருங்கள். எந்தப் பொத்தான் என்று மனிதர் மொழியில் ஒரு விளக்கமும் கேட்கிறது, பட்டியலில் உள்ள அடையாளக் குறியும் கேட்கிறது. குறி இயந்திரத்துக்கு; விளக்கம் அனுமதி கொடுக்க வேண்டிய மனிதருக்கு. தட்டச்சுக் கருவியில், எழுத்தெழுத்தாகத் தட்டலாம் என்ற ஒரு விருப்பம் உண்டு. விசைக்கு விசை விழித்துக்கொள்ளும் பக்கங்களுக்குத்தான் அது பயன்படும், மற்றபடி முழுவதையும் ஒரேயடியாக நிரப்பிவிடும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. எந்த வரியிலும் புகழ்ச்சி இல்லை. இந்தக் கருவிக்கும் அடுத்த கருவிக்கும் நடுவே உள்ள வரப்பை ஒவ்வொரு வரியும் காட்டுகிறது.

வரப்பு என்றதும் நம் ஊர் ஆவண எழுத்தர்கள் நினைவுக்கு வருகிறார்கள். கிரயப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதும்போது, நிலம் நல்ல நிலம், முப்போகம் விளையும் என்றா எழுதுகிறார்கள்? புல எண், பரப்பு, அதற்குப் பிறகு செக்குபந்தி. நாலு பக்கமும் யாருடையது, எது பாதை, எது வாய்க்கால் என்று எல்லை கட்டி, இதற்கு உட்பட்டது மட்டுமே விற்கப்படுகிறது என்று முடிப்பார்கள். நிலத்தை அடையாளம் காட்டுவது அதன் உள்ளே இருப்பதல்ல, அதைச் சுற்றி இருப்பது. அந்த எழுத்தில் ஒரு நுட்பமும் உண்டு. இன்னாருடைய நஞ்சைக்கு வடக்கு என்று எழுதியிருந்தால், அந்த இன்னார் நம் நிலத்துக்குத் தெற்கே இருக்கிறார் என்று பொருள். வடக்கு என்று தலைப்பிட்டு அதன் எதிரே பெயர் எழுதும் வழக்கமும் உண்டு. அப்போது அவர் வடக்கே இருக்கிறார். பத்திரம் படித்துப் பழகியவருக்கு இதில் குழப்பம் இல்லை. ஏஜென்டிடம் சொல்லாமல் விட்டால், முறை எது என்று கவனிக்காமல் அது நிலத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிடும். திருப்பி வைத்தது தெரியாமல் அழகான நடையில் அறிக்கையும் எழுதித் தரும்.

இப்போது நம் மாவட்டத்திலேயே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தன் தகப்பனார் காலத்துப் பத்திரத்தைக் கொடுத்து, இந்த நிலத்தின் பட்டா விவரத்தை அரசுத் தளத்தில் பார்த்துச் சொல் என்று ஏஜென்டிடம் கேட்கிறார். தளத்தில் முதலில் மாவட்டம், பிறகு வட்டம், பிறகு கிராமம் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பிறகு பட்டா எண்ணோ, புல எண்ணும் உட்பிரிவுமோ கொடுக்க வேண்டும். எளிய வேலைதான். ஆனால் தென்காசி மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பர் 22-இல். அதற்கு முந்தைய பத்திரத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கும். பத்திரம் 1990-ஐச் சேர்ந்ததென்றால் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று இருக்கும். 1986-இல் பழைய மாவட்டத்தைப் பிரித்தபோது வைத்த பெயர் அது, 1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்தபோது போனது. செங்கோட்டைப் பக்கத்து நிலம் என்றால் இன்னும் ஒரு படி கீழே போக வேண்டும்: 1956 நவம்பர் 1 வரை அது தமிழ்நாட்டிலேயே இல்லை, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. வட்டமும் மாறும். திருவேங்கடம், சங்கரன்கோவிலிலிருந்து பின்னால் பிரிந்த வட்டம். புல எண்ணும் மாறும்; பழைய எண், ரீசர்வே எண் என்று இரண்டும் எழுதிய பத்திரங்கள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. இவ்வளவும் போதாதென்று, பதிவுத்துறையின் மாவட்டக் கணக்கு வருவாய்த்துறையின் மாவட்டக் கணக்கோடு பொருந்துவதில்லை. பத்திரத்தில் உள்ள பதிவு மாவட்டத்தை எடுத்து வருவாய் மாவட்டக் கட்டத்தில் போட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். வருகிற பதில் வேறு யாருடைய நிலமாகவாவது இருக்கும்.

இந்தக் கருவிக்கு வழக்கமாக எழுதும் குறிப்பு எப்படி இருக்கும்? “பட்டா விவரத்தைத் தேடித் தரும்.” பொய் இல்லை, பயனும் இல்லை. இ-சேவை மையத்தில் நாலு வருடம் உட்கார்ந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: “கிராமப்புற நிலத்தின் பட்டா, சிட்டா விவரத்தை அரசுத் தளத்திலிருந்து படித்துத் தரும். படிக்க மட்டுமே; எதையும் பதியாது, மாற்றாது. பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க இது ஆகாது. நகர நில அளவைக்கு உட்பட்ட மனைக்கும் ஆகாது. வில்லங்கம் உண்டா என்ற கேள்விக்கு இது பதில் சொல்லாது. அதற்குத் தனிக் கருவி உண்டு. மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றும் இன்றைய வருவாய் நிர்வாகப்படி இருக்க வேண்டும். பத்திரத்தில் உள்ள பழைய பெயரை அப்படியே இடாதே. மாவட்டம் தேர்ந்த பிறகே வட்டங்களின் பட்டியல் வரும், வட்டம் தேர்ந்த பிறகே கிராமங்கள் வரும். பட்டியல் நிரம்பும்வரை காத்திரு. புல எண்ணையும் உட்பிரிவையும் பிரித்துக் கொடு: 112/3ஏ என்றால் 112 தனி, 3ஏ தனி. பழைய எண்ணும் ரீசர்வே எண்ணும் இருந்தால் ரீசர்வே எண்ணை எடு. கேப்ட்சாவோ ஓ.டி.பி.யோ கேட்டால் நின்று பயனரை அழை; நீயாகத் தீர்க்க முயலாதே. பதிவு இல்லை என்று வந்தால், கொடுத்த எண்ணில் பதிவு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல். நிலத்துக்குப் பட்டா இல்லை என்று சொல்லாதே.” எண்ணிப் பாருங்கள். கருவி என்ன செய்யும் என்பதற்கு ஒரே ஒரு வரி. மீதி அத்தனையும் எல்லை.

அந்தக் கடைசி வரியில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். கருவிக் குறிப்புகளில் மிக அதிகமாக விடுபடுவது இதுதான்: வெற்றுப் பதில் வந்தால் அதற்கு என்ன அர்த்தம்? ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், இல்லை என்று பொருளா, தெரியவில்லை என்று பொருளா, தளம் அப்போது வேலை செய்யவில்லை என்று பொருளா? மனிதர் இந்த மூன்றையும் திரையைப் பார்த்தே ஊகித்துவிடுவார். மாதிரிக்கு முடித்துக்கொடுக்கும் அவசரம் உண்டு. வெறுமையை ஒரு விடையாக்கிவிடும். பட்டா விஷயத்தில் இது ஒரு அலைச்சலோடு போகும். குற்றால அருவியில் உயிரே போகும். சீசன் காலத்தில் வெளியூர்க்காரர் ஒருவர், நாளைக் காலை குளிக்கலாமா பார்த்துச் சொல் என்று ஏஜென்டைக் கேட்கிறார் என்று வையுங்கள். அதன் கையில் அருவி நிலவரம் தேடும் ஒரு கருவி. பேரருவியில் தடை இருக்கும், புலியருவியில் இருக்காது. ஐந்தருவியில் காலையில் விட்டிருப்பார்கள், மலையில் மழை பிடித்துக்கொண்டால் பிற்பகலில் நிறுத்திவிடுவார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனதை இந்த அவையில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆகவே அந்தக் கருவியின் குறிப்பில் குறைந்தது இவ்வளவாவது இருக்க வேண்டும்: ஒவ்வொரு அருவிக்கும் அறிவிப்பு தனி, ஒன்றின் நிலையை மற்றொன்றுக்குச் சொல்லாதே; அறிவிப்பின் தேதியையும் நேரத்தையும் சேர்த்தே சொல்; தடை அறிவிப்பு கண்ணில் படவில்லை என்பது அனுமதி ஆகாது; நாளைய நிலவரத்தை இன்றைய அறிவிப்பிலிருந்து ஊகித்துச் சொல்லாதே, அருவிக்கரையில் போலீஸ் சொல்வதே முடிவு. அருவியை ஒரு நாளும் பார்க்காத ஒருவர் பெங்களூரில் உட்கார்ந்து இந்த நாலு வரியை எழுத முடியுமா? கெட்டிக்காரராக இருந்தாலும் முடியாது. எல்லா அருவிக்கும் ஒரே கட்டம் போட்டு, குற்றாலம்: ஆம் அல்லது இல்லை என்று வைத்திருப்பார். அதிலும் குற்றாலத்தை மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்தோடு கலந்துவிடாமல் இருந்தால் நம் பாக்கியம். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை, நம் வாயிலும் இது குத்தாலம்தான்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். வலுவானதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இப்படி வரிவரியாக எச்சரிக்கை எழுதுவதைவிட, தப்பு செய்யவே முடியாதபடி கருவியை அமைத்துவிடலாமே என்பார்கள். உண்மை, இதற்கு நல்ல சான்றும் உண்டு. ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், புரோகிராம் திருத்தும் தங்கள் ஏஜென்ட் கோப்புகளின் முகவரியில் அடிக்கடி தடுமாறியதைச் சொல்கிறார்கள். இருக்கும் இடத்தை வைத்துச் சொல்லும் அரைகுறை முகவரியைக் கொடுத்துவிட்டு, வேறு கோப்புறைக்குள் நகர்ந்ததும் அது வழி தவறியது. முழு முகவரி மட்டுமே செல்லும் என்று கருவியை மாற்றினார்கள்; தவறு நின்றுபோனது. நம் பட்டாக் கருவிக்கும் இதைச் செய்யலாம். ஊர்ப் பெயரை எழுத்தில் வாங்காமல், மத்திய அரசின் உள்ளாட்சி விவரத் தொகுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் கொடுத்திருக்கும் எண்ணை மட்டும் வாங்கலாம். அந்த எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுக்கத் தனியாக ஒரு கருவி வைக்கலாம். நெல்லை கட்டபொம்மன் குழப்பம் அப்போதே ஒழிந்துவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? பழைய பெயரை இடாதே என்ற வரியை எழுத நேர்ந்ததால் தெரிந்தது. குறிப்பு எழுத உட்காரும்போதுதான் கருவியின் ஓட்டை கண்ணில் படுகிறது. ஒரு வரி எச்சரிக்கையை நீக்க முடியுமானால் கருவியைத் திருத்தி நீக்குங்கள், எனக்கு முழுச் சம்மதம். எல்லாவற்றையும் அப்படி நீக்கிவிட முடியாது. தடை அறிவிப்பு இல்லை என்பது அனுமதி ஆகாது என்ற வரியை எந்தக் கட்டத்தில் அடைப்பீர்கள்?

அடுத்தது, மாதிரிகள் நாளுக்கு நாள் கூர்மையாகின்றனவே, இன்னும் இரண்டு வருடத்தில் இந்தக் குறிப்பெல்லாம் தேவையா என்பது. 2023-இல் வெப்அரீனா என்ற சோதனைத் தொகுப்பு வந்தபோது, பிரவுசர் வேலைகளில் அன்றைய மிகச் சிறந்த ஏஜென்ட் நூற்றுக்குப் பதினான்கு அளவில்தான் முடித்தது; மனிதர்கள் எழுபத்தெட்டு. அந்த இடைவெளி அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது, மறுக்கவில்லை. குறைந்தது எந்தத் தவறு என்று பார்க்க வேண்டும். பொத்தானைக் கண்டுபிடிக்காமல் தேடுவது, பாதியில் நின்றுவிடுவது, ஒரே பக்கத்தைச் சுற்றிச் சுற்றி வருவது, இவை குறைந்திருக்கின்றன. திருவேங்கடம் எந்த வட்டத்திலிருந்து பிரிந்தது என்பது அறிவுக் கூர்மையால் வருவதல்ல, யாராவது சொன்னால்தான் தெரியும். கூர்மை கூடக்கூட வேறொரு ஆபத்தும் கூடுகிறது: கெட்டிக்கார மாதிரி இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆந்த்ரோபிக் 2025 செப்டம்பரில் சொன்ன ஒரு சின்னச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. இணையத்தில் தேடும் கருவியைக் கொடுத்தபோது, அவர்களுடைய மாதிரி ஒவ்வொரு தேடலின் பின்னாலும் 2025 என்று தானாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை; புதிய செய்திதானே வேண்டும் என்று அதுவே நினைத்துக்கொண்டது போலும். தேடல் முடிவுகள் கோணலாயின. மாதிரியை மாற்றாமல், கருவிக் குறிப்பைத் திருத்தியே அதைச் சரிசெய்தார்கள். மந்தமான மாதிரிக்கு இந்தத் தவறு தோன்றியே இருக்காது.

குறிப்பே வேண்டாம், ஏஜென்ட் திரையைப் பார்த்து மனிதரைப் போல அழுத்தட்டும் என்கிறவர்களும் உண்டு. 2024 அக்டோபரிலிருந்து அப்படி இயங்கும் மாதிரிகள் வந்துவிட்டன. அங்கே குறிப்பின் வேலை இணையப் பக்கத்தின் தலையில் விழுகிறது. பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் வெறும் படத்தை ஒட்டியிருக்கும் பக்கம், எந்தக் கட்டம் கட்டாயம் என்பதை நிறத்தால் மட்டும் காட்டும் பக்கம், பிழை நேர்ந்தால் ஒன்றும் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கவைக்கும் பக்கம், இவை பார்வையற்றவர்களை இத்தனை ஆண்டுகளாக எப்படிப் படுத்தினவோ அப்படியே ஏஜென்டையும் படுத்துகின்றன. அவர்களுக்காகத் திருத்தாததை இயந்திரத்துக்காகத் திருத்தப்போகிறோம் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல, திருத்தினால் சரி.

குறிப்பு நீண்டுபோகிறதே என்ற மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். எல்லாக் கருவிகளின் குறிப்புகளும் பொதுவாக மொத்தமாக மாதிரியின் முன் வைக்கப்படுகின்றன. ஐம்பது கருவிக்கு ஐம்பது பக்கம் எழுதினால் காசும் கரையும், கவனமும் கரையும். ஆகவே தேர்வு வேண்டும். ஒரு வரியை வைப்பதா எடுப்பதா என்பதற்கு என் அளவுகோல் இது: இந்த வரி இல்லாவிட்டால் மாதிரி வேறு விதமாக நடந்துகொள்ளுமா? எளிமையான, நம்பகமான, வேகமான என்ற அடைமொழிகளை எடுத்துவிட்டால் ஒன்றும் மாறாது, எடுத்துவிடுங்கள். புல எண்ணைப் பிரித்துக் கொடு என்பதை எடுத்தால் மாறும், வையுங்கள். தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. இன்றைய மாதிரிகள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்கிறது, அதிகக் காசும் பிடிக்கிறது. குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினால் மொழிக்குத் துரோகம் ஆகிவிடாது. பக்கத்தில் எந்தச் சொல் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதை அப்படியே கொடுப்பதுதான் முக்கியம். ஊர்ப் பெயருக்கு ஆங்கில எழுத்து எது என்பதில் அரசாங்கமே ஒரு முடிவில் நிற்கவில்லை. 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை வெளியானது, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஏஜென்ட் என்ன செய்யும் பாவம்.

கடைசி மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதிரி குறிப்பை நம்புகிறது என்றால், கெட்ட எண்ணம் உள்ளவர் எழுதிய குறிப்பையும் நம்பும். 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஆய்வுக்குழு இதைச் செய்துகாட்டியது: இரண்டு எண்களைக் கூட்டும் சாதாரணக் கருவி ஒன்றின் குறிப்புக்குள், பயனரின் கணினியில் உள்ள ரகசியக் கோப்புகளைப் படித்து அனுப்பு என்ற கட்டளையை ஒளித்துவைத்தார்கள், ஏஜென்ட் அப்படியே செய்தது. எம்.சி.பி.யின் 2025 மார்ச் பதிப்பில், கருவி படிக்க மட்டுமா, எதையாவது அழிக்குமா, இரண்டாம் முறை இயக்கினால் கூடுதல் விளைவு உண்டா என்று சொல்ல அடையாளங்கள் சேர்த்திருக்கிறார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் அழிக்கும் என்றே கொள்ள வேண்டும் என்பது அதன் விதி, நல்ல விதி. ஆனால் நம்பிக்கைக்குரிய இடத்திலிருந்து வராத அடையாளங்களை நம்பாதே என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. செக்குபந்தி எழுதிவிட்டால் ஆக்கிரமிப்பு நின்றுவிடுமா? வேலியும் வேண்டும். கட்டணம் கட்டும் கருவி, விண்ணப்பம் அனுப்பும் கருவி இவற்றில், மனிதர் ஒப்புதல் இல்லாமல் பொத்தான் நகராது என்பதைப் புரோகிராமிலேயே பூட்ட வேண்டும். இரண்டாம் முறை அழுத்தினால் இரண்டாம் கட்டணம் என்பதைக் குறிப்பிலும் எழுத வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகாது.

அப்படியானால் இந்தக் குறிப்பை யார் எழுதுவது? மென்பொருள் நிறுவனங்களில் குறிப்பு எழுதும் பொறுப்பு பெரும்பாலும் புரோகிராம் எழுதியவருக்கே போகிறது. சில இடங்களில் அதையும் ஒரு மாதிரியிடமே எழுதச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டிலும் ஒரே குறை. கருவியின் உட்புறம் தெரிந்தவரிடம் கேட்கிறோம், அதன் வெளிப்புறத்தை. வெளிப்புறம் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தின் எட்டு வட்டங்களிலும் இருக்கிறார்கள்: இ-சேவை மையத்தில் கணினி முன் இருக்கும் பெண்கள், சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்காரும் ஆவண எழுத்தர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், நில அளவர்கள். எந்தப் படிவம் எங்கே திரும்பிவரும், எந்த மனு எந்தக் கட்டத்தில் தள்ளுபடியாகும் என்று அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது. அவர்களுக்குப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. மத்தளம்பாறையிலிருந்து அவர்களில் யாரும் அதிக தூரத்தில் இல்லை. இந்தியாவில் வேறு எந்த மென்பொருள் ஊருக்கும் இந்த வசதி இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம். செய்ய வேண்டியதும் பெரிய காரியமல்ல. ஐம்பது பழைய பத்திரங்களைப் பெயர், முகவரிகளை மறைத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் செங்கோட்டைப் பக்கத்து 1956-க்கு முந்தையதும் இருக்கட்டும், கட்டபொம்மன் பெயர் உள்ளதும் இருக்கட்டும், எல்லையை இரண்டு விதமாகவும் எழுதியவையும் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் சரியான விடை எது என்று ஓர் ஆவண எழுத்தர் முதலிலேயே எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடட்டும். பிறகு ஏஜென்டை ஓடவிட்டு, அது தவறிய இடங்களில் எல்லாம் அவரையும் புரோகிராம் எழுதியவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, அந்தக் கருவியின் குறிப்பில் எந்த வரி இல்லாததால் தவறியது என்று கேளுங்கள். வரியைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். முன்பு சரியாக வந்த பத்திரங்களையும் விடாமல் ஓட்டுங்கள், ஒன்றைத் திருத்தப்போய் மற்றொன்று கெட்டிருக்கலாம். அந்த ஆவண எழுத்தருக்கு அன்றைய கூலியைக் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.